"பால் இன்னும் இறங்கலை" என்று பயப்படும் அந்த முதல் மூன்று நாட்கள்

பிரசவ வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது தினமும் காதில் விழுவது இதுதான்: "இன்னும் பாலே இறங்கலை டாக்டர், பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு." பெரும்பாலும் தாய் பேசமாட்டார், அவருடைய அம்மாவோ மாமியாரோ சொல்வார்கள். பவுடர் பால் டப்பாவும் பால் புகட்டும் பாலாடையும் ஏற்கெனவே மேசைக்கு வந்திருக்கும். குழந்தை மருத்துவராக எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கட்டம். நன்றாகப் பால் கொடுக்கக்கூடிய பல பெண்கள் தாய்ப்பாலை விட்டு விலகத் தொடங்குவது இங்கேதான்.

முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த அன்று குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே ஒரு டீஸ்பூன் அளவுதான். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த அந்தப் பாலை இன்னமும் சில வீடுகளில் பீய்ச்சிக் கொட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மார்பு கனத்துப் பால் இறங்குவது மூன்றாம் நாள் வாக்கில். சிசேரியன், முதல் பிரசவம், சர்க்கரை நோய் என்றால் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப் போகலாம். இடையில் காரணமில்லாமல் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பைச் சப்பாது. சப்பச் சப்பத்தான் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கும், அதனால்தான் பால் ஊறும். ஆக, எதற்குப் பயந்தோமோ அதை நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் தொட்டு வைப்பதும் கூடாது. தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமி குழந்தையின் நரம்புகளைச் செயலிழக்க வைக்கும்.

சரி, எப்படிக் கொடுப்பது? சிசேரியன் ஆன பெண்கள் பலர் வலியோடு முன்னால் குனிந்து, மார்பை இரண்டு விரலால் கத்தரி போலப் பிடித்து, காம்பைக் குழந்தையின் வாயில் திணிப்பார்கள். "முதல்ல நல்லா சாஞ்சு உட்காரும்மா. நீ குனியாதே, பிள்ளையை உன்கிட்ட கொண்டுவா" என்பேன். குழந்தையின் வயிறு தாயின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில். மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். காம்பால் மேலுதட்டை லேசாக வருடினால் வாய் அகலமாகத் திறக்கும். அதற்குக் காத்திருந்து, திறந்ததும் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே அநேகமாகத் தெரியாது. சிறிது நேரத்தில் சப்பும் வேகம் குறைந்து, விழுங்கும் சத்தம் மெல்லக் கேட்கும். வலி தொடர்ந்து இருந்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி வையுங்கள். காம்பு வெடிப்புக்குக் களிம்பு தேடுவதற்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, இரவிலும் கொடுக்க வேண்டும். தலையைத் திருப்பித் தேடுவதும் கையைச் சப்புவதும்தான் பசிக்கு அறிகுறி. அழுகை கடைசியில் வருவது.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்துக் கணிக்காதீர்கள், துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். கறுப்பு மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்கும். எடை முதலில் கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, குழந்தை எழுப்பியும் குடிக்காமல் துவண்டாலோ, கை கால் வரை மஞ்சள் பூத்தாலோ உடனே வாருங்கள். தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு போன்ற காரணங்களால் சிலருக்கு உண்மையிலேயே பால் குறையும். அது அவர்கள் குற்றமில்லை. அப்போது பீய்ச்சிய பாலோ வேறு பாலோ எவ்வளவு கொடுக்கலாம் என்று நாங்கள் சொல்வோம். ஆனால் யாராவது பவுடர் பால் டப்பாவை இலவச சாம்பிளாக நீட்டினால் வாங்காதீர்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிக் கொடுப்பது குற்றம்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் ஒரு தடவையாவது நர்ஸ் முன்னால் பால் கொடுத்துக் காட்டுங்கள். அவர் அவசரத்தில் இருந்தாலும் விடாமல் கூப்பிடுங்கள்.