குளியலறைச் சோப்பும் தென்பெண்ணை நுரையும்

பெங்களூரில் சோப்பையும் ஷாம்பூவையும் பற்றிப் பேசுவதென்றால், முதலில் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் போன்ற பழைய பகுதிகளுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர் வருகிறது. வேலை தேடி வந்தவர்கள் குடியேறும் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபுரம் சாலைப் பக்கத்து அடுக்ககங்களிலோ ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான் பலருக்குக் கதி. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வரும் அந்தத் தண்ணீரைத்தான் நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம். மூலிகைச் சோப்பு என்று நம்பி வாங்கியும் முடி சிக்குப் பிடிக்கிறது, தோல் வெடிக்கிறது என்று வருந்துபவர்களில் பலர் இந்தத் தண்ணீரில் குளிப்பவர்களே. ஒரு பொருள் தோட்டத்தில் விளைந்ததா, ஆலையில் உருவானதா என்பது அதன் கதையில் பாதிதான். அதன் மூலக்கூறு நம் தண்ணீரிலும் தோலிலும் பிறகு சாக்கடையிலும் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும்.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து பிறப்பது. தேங்காய் எண்ணெயுடன் சோடியம் ஹைட்ராக்சைடு வினைபுரியும்போது எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பிரிந்து சோடியம் உப்புகளாகின்றன. உடன் கிளிசரினும் உண்டாகிறது. கையால் செய்யப்பட்டது, குளிர்முறையில் செய்யப்பட்டது என்று விற்கப்படும் கட்டிச் சோப்பும் இதே வினையில்தான் உருவாகிறது. காரமே சேர்க்காமல் கட்டிச் சோப்பு செய்ய முடியாது. முறையாகச் செய்யப்பட்ட சோப்பில் அந்தக் காரம் முழுவதும் வினையில் தீர்ந்துவிடுவதால் அதற்காக அஞ்ச வேண்டியதும் இல்லை. இப்படிப் பிறக்கும் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், நீண்ட வால் எண்ணெயை நாடும். வால்கள் எல்லாம் அழுக்கெண்ணெய்த் துளிக்குள் புதைய, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்க, அந்தத் துளி தோலைவிட்டு மிதந்து வெளியேறுகிறது.

உப்புத் தண்ணீரில் இந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கரையும் சோப்பு கரையாத பிசுக்காக மாறிவிடுகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையும், இன்னொன்றில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் பாதியளவு எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினால், முதலாவதில் தெளிந்த நீரின் மேல் அடர்ந்த நுரை நிற்கும். இரண்டாவதில் நுரை அடங்கி, திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். வாளி விளிம்பில் படியும் வெண்படலம் இதுவே, தலைமுடியைச் சொரசொரப்பாக்குவதும் இதுவே. சோப்பு பத்தவில்லை என்று மேலும் தேய்த்தால் பிசுக்கும் சாக்கடைக்குப் போகும் சுமையும்தான் கூடும். ஆகவே காவிரி நீர் வரும் வீட்டுக்கு எளிய தேங்காய் எண்ணெய்ச் சோப்பு மிக நல்ல தேர்வு. டேங்கர் நீரை நம்பியிருக்கும் வீட்டில், குறிப்பாகத் தலைக்கு, அது பொருந்தாது.

அந்த இடத்தில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் உண்மையிலேயே பயன் தருகின்றன. இவற்றில் உள்ள சபோனின் என்னும் பொருளில் கொழுப்பை நாடும் வளையத் தொகுதியோடு சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்திருக்கின்றன. தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அந்தச் சர்க்கரைகளே செய்துவிடுவதால், கால்சியம் இருந்தாலும் அது சோப்பைப் போலத் திரிவதில்லை. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (7க்கு மேல் காரம், கீழே அமிலம்) சோப்புக் கரைசலில் 9 முதல் 10 வரை இருக்க, சீயக்காய்க் கரைசல் சற்றே அமிலத்தன்மை உடையது. நம் தோலின் மேற்பரப்பும் 5ஐ ஒட்டிய மென்மையான அமிலத்தன்மை கொண்டது. ஆனாலும் சபோனினைச் சாதுவான பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீன்களின் செவுள்களைத் தாக்கும். சபோனின் நிறைந்த காய்களையும் வேர்களையும் இடித்து நீர்நிலையில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஏரிக்கு ஊறு செய்யாது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஷாம்பூக்களில் பரவலாக உள்ள சோடியம் லாரில் சல்ஃபேட்டின் வால் பெரும்பாலும் தேங்காய் அல்லது எண்ணெய்ப்பனை விதையின் எண்ணெயிலிருந்து எடுக்கப்படுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். ஆகவே இந்தச் சல்ஃபேட்டையும் தென்னையின் பிள்ளை என்று சொல்ல இடமுண்டு. அதே சமயம், தோல் எரிச்சலைச் சோதிக்கும் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கப் பயன்படுத்தும் பொருளும் இதுவே. "சோடியம் லாரில் சல்ஃபேட் அற்றது" என்று முன்பக்கம் எழுதிவிட்டு, பின்பக்கம் "சோடியம் கோகோ சல்ஃபேட்" என்று குறிப்பிடும் பொருள்களும் கடைகளில் உண்டு. அதில் பெரும்பங்கு வகிப்பது அதே லாரில் சல்ஃபேட்தான். வாங்குபவரின் நம்பிக்கையோடு விளையாடும் இத்தகைய வாசகங்கள் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. தோல் எளிதில் வறளும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கோகோ குளுகோசைடு, டெசில் குளுகோசைடு போன்ற பெயர்களைத் தேடலாம். சர்க்கரையும் தாவரக் கொழுப்பு ஆல்கஹாலும் இணைந்த இவை பொதுவாக மென்மையானவை. உப்புத் தண்ணீரிலும் திரிவதில்லை.

பின்பக்கத்துப் பட்டியலை வாசிக்க ஒரு முறை உண்டு. 1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சேர்மானங்கள் அளவு குறையும் வரிசையில் வரும். அதற்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். எனவே வேப்பிலைச் சாறோ கற்றாழையோ பட்டியலின் வால்பகுதியில் இருந்தால், அது முன்பக்கப் படத்துக்காகவே சேர்க்கப்பட்டிருக்கக்கூடும். கட்டிச் சோப்பில் டி.எஃப்.எம். என்று குறிக்கப்படும் மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவைப் பாருங்கள்: குளியல் சோப்பின் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 விழுக்காடு, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. நறுமணத்துக்கு வரும்போது, இயற்கை எண்ணெய் என்பதால் மட்டும் ஒவ்வாமை வராது என்று சொல்ல முடியாது. எலுமிச்சையின் லிமோனீனும் லாவெண்டரின் லினலூலும் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் ஒவ்வாமையைத் தூண்டுபவை. தண்ணீர் முதலிடத்தில் உள்ள திரவப் பொருளில் கிருமி வளராமல் காக்கும் சேர்மானம் ஏதேனும் இருந்தே ஆக வேண்டும். அதுவே வேண்டாம் என்பவர்கள் பச்சைப்பயறு மாவு, அரப்புத்தூள் போன்ற உலர்ந்த பொருள்களுக்கு மாறி, ஈரக் கை படாமல் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, குளியலறைத் தரையில் வழிந்தோடும் நீர். 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகள் மலைமலையாக நுரைத்தன. அப்போது பரவிய சலவைப் பொருளின் மூலக்கூறு வால் கிளைகள் கொண்டதாக இருந்ததே காரணம். பாக்டீரியா இத்தகைய வாலின் நுனியை ஆக்சிஜன் கொண்டு தாக்கி, பிறகு இரண்டிரண்டு கார்பனாக நறுக்கித் தின்கிறது; கிளை குறுக்கிடும் இடத்தில் பாக்டீரியாவின் நொதியால் பிடிக்க முடியாமல் வேலை நின்றுவிடுகிறது. 1960களில் நேரான வால் கொண்ட மூலக்கூறுகளுக்குத் தொழில்துறை மாறியதும் அந்த நுரை பெருமளவு அடங்கியது. இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. வாலின் வடிவம் மட்டுமே வேறு. இன்று எளிதில் மக்கக்கூடியது என்று ஒரு பொருளைச் சொல்ல, ஆய்வகத்தில் 28 நாளில் அது கரியமில வாயுவாக 60 விழுக்காடாவது சிதைந்திருக்க வேண்டும். சோப்பும் லாரில் சல்ஃபேட்டும் குளுகோசைடுகளும் இதில் தேறுகின்றன. ஷாம்பூவில் வழுவழுப்புக்காகச் சேர்க்கப்படும் சைக்ளோபென்டாசிலோக்சேன் போன்ற சிலிகோன்கள் நீரில் எளிதில் சிதையாதவை. அலசி விடும் பொருள்களில் சைக்ளோபென்டாசிலோக்சேனை 0.1 விழுக்காட்டுக்குள் ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்படுத்தியுள்ளது.

ஆனால் 28 நாள் சோதனை காற்றூட்டம் உள்ள நீரில் நடப்பது. பெல்லந்தூர் ஏரியில் சேர்வதோ, பெருமளவு சுத்திகரிக்கப்படாத, ஆக்சிஜன் வற்றிய கழிவுநீர். எளிதில் மக்கக்கூடிய நுரைப்பொருளும் அங்கே முழுதாகச் சிதையாமல் சேற்றோடு படிந்து, மழை வெள்ளம் அடியைக் கலக்கும்போது நுரையாகப் பொங்குகிறது என்பது இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அந்த நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை நுரையோடு அடைந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர்க் கரையில் முடிகிறது. நம் ஊர் உழவர்கள் அந்த நீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

ஆகவே சோப்பைத் தேர்ந்தெடுக்கும் அதே அக்கறையோடு, அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் கவனிக்க வேண்டும். அங்குள்ள தொட்டியில் காற்றை ஊதும் இயந்திரத்தை மின்கட்டணத்துக்கு அஞ்சிப் பல மணி நேரம் நிறுத்திவிட்டால், வாலை நறுக்கித் தின்ன வேண்டிய பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அது தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, வெளியேறும் நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள்.