கேமரா கிடைத்துவிட்டது, வெளிச்சம்?

2007இல் ரெட் ஒன் கேமராவும் 2008இல் கேனன் 5டி மார்க் 2 கேமராவும் வந்த பிறகு, ஃபிலிம் சுருள் வாங்கக் காசில்லாதவர்களும் பெரிய திரைக்குப் படம் எடுக்கலாம் என்றாகிவிட்டது. நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் கேமராவுக்கும் பெரிய தயாரிப்புகளில் ஓடும் கேமராவுக்கும் சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லு) இன்று அவ்வளவு வித்தியாசம் இல்லை. அப்படியிருந்தும், எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் நிழலெல்லாம் பொடிப்பொடியாக நெளிகிறது, ஜன்னல் வெள்ளையாகப் பொரிந்துபோய் நிற்கிறது, டியூப் லைட் துடிக்கிறது. உடனே கேமராவைத் திட்டுவோம், இதைவிட விலை கூடியது கிடைத்திருந்தால் என்று ஏங்குவோம். அந்த விலை கூடியதும் இதே அறையில் கிட்டத்தட்ட இதே சிக்கலில்தான் மாட்டும்.

சென்சார் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: எண்ணுவது. ஒவ்வொரு பிக்சலும் ஒரு சிறு சிலிக்கன் குழி. அதில் விழும் ஒளித்துகள்கள் எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஷட்டர் நேரம் முடிந்ததும் எத்தனை சேர்ந்தன என்று கேமரா அளக்கிறது. ஒளித்துகள்கள் வரிசையாக, சீராக வருவதில்லை என்பதுதான் சங்கடம். தூறல் தொடங்கும்போது தரையைக் கவனியுங்கள்: ஒரு கல்லில் மூன்று துளி, பக்கத்துக் கல்லில் ஒன்றுமில்லை. மழை வலுத்த பிறகு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஒரு குழியில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு இருக்கும், அதாவது 1 சதவீதம். 100 துகள்கள்தான் விழுகின்றன என்றால் ஏற்ற இறக்கம் 10. சதவீதக் கணக்கில் அதுவும் 10. நிழலில் நெளியும் பொடிகளில் பெரும்பங்கு இதுதான். இது ஒளியிலேயே உள்ள குணம், எந்த கம்பெனியாலும் சரிசெய்ய முடியாது.

கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். ஐஎஸ்ஓ வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, எண்ணி முடித்ததைப் பெருக்குகிறது. பெருக்கும்போது பொடியும் சேர்ந்தே பெருகும். இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ உள்ள கேமராக்கள், சென்சாரை வாசிக்கும் மின்சுற்றின் இரைச்சலை இருட்டில் குறைத்துக்கொடுக்கும். உதவிதான். ஆனால் வராத துகளை அதுவும் வரவழைக்காது.

சரி, லென்ஸை முழுதாகத் திறந்துவிடுவோம் என்று அடுத்து தோன்றும். இங்கேதான் சின்னக் குழுக்கள் அதிக நேரத்தைத் தொலைக்கின்றன. சினிமாவில் வழக்கமான சூப்பர் 35 அளவுச் சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், நடிகர் 2 மீட்டர் தூரத்தில், எஃப் 1.4 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்) என்று வைத்துக்கொண்டால், கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 11 சென்டிமீட்டர். வசனம் பேசிக்கொண்டே நடிகர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் கண் மங்கிவிடும். பெரிய படங்களில் இதற்கென்றே ஃபோகஸ் புல்லர் நிற்பார். இங்கே ஒளிப்பதிவாளரே கேமராவையும் தூக்கிக்கொண்டு ஃபோகஸையும் திருப்பிக்கொண்டிருப்பார். எஃப் 4க்கு மூடினால் ஆழம் 32 சென்டிமீட்டர் ஆகும், எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடலாம். ஆனால் அதற்கு 8 மடங்கு வெளிச்சம் வேண்டும். இல்லாத அந்த 8 மடங்குக்கான விலையைத்தான் ரீடேக் ரீடேக்காகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். விலை கூடிய லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இரண்டு நல்ல விளக்குகளுக்கும் ஒரு ஃபோகஸ் புல்லருக்கும் திருப்பிவிடலாம் என்பது என் கட்சி.

வெளிச்சம் அதிகமானால் வேறு தொல்லை. குழி நிரம்பிவிட்டால் அதற்குமேல் எண்ண முடியாது. வெளியே வெயில் அடிக்கும்போது ஜன்னல், உள்ளே இருக்கும் முகத்தைவிடப் பல ஸ்டாப் கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு ஸ்டாப்பும் முந்தையதைவிட இரண்டு மடங்கு. ஜன்னலைக் காப்பாற்ற எக்ஸ்போஷரைக் குறைத்தால் முகம் 100 துகள் கணக்குக்குப் போய்விடும். எண்ணியதை அப்படியே எழுதிவைக்கும் 12 பிட் நேர்கோட்டுப் பதிவில் உள்ள 4,096 படிகளில் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்பே 2,048 படிகளை எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து கீழே இறங்கி எட்டாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிஞ்சுவது 16 படிகள். லாக் பதிவு இந்தப் படிகளை ஸ்டாப்புகளுக்கு ஓரளவு சமமாகப் பிரித்துவைக்கிறது. அதனால்தான் அது சாயம் போன துணிபோலத் தெரியும்; பிறகு நிறம் திருத்தும் கிரேடிங்கில் சரியாகிவிடும். நிரம்பி வழிந்த குழியை மட்டும் எந்த கலரிஸ்ட்டாலும் மீட்க முடியாது. ஜன்னல் காட்சியை வெயில் தாழ்ந்த பிறகு எடுப்பதும், நடிகரை ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் உட்கார வைப்பதும் செலவே இல்லாத வழிகள்.

இருக்கிற விளக்கையே வைத்து எடுப்பவர்களுக்கு அடுத்த எதிரி ஃபிளிக்கர், அதாவது விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடிகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் (360 டிகிரியில் பாதி, அதாவது ஃபிரேம் நேரத்தில் பாதி திறந்திருக்கும்) என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 நொடி ஒளியை வாங்கும். அதில் இரண்டு துடிப்புகளும் கொஞ்சம் மிச்சமும் அடங்கும். அந்த மிச்சம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் திரை மெல்லத் துடிக்கிறது. ஷட்டரை 172.8 டிகிரிக்கு மாற்றினால் நேரம் 1/50 நொடி ஆகிவிடும், சரியாக இரண்டு துடிப்பு. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 144 டிகிரி. டிம்மர் போட்ட எல்இடிகள் தம் இஷ்டத்துக்கு வேறு வேகத்தில் துடிக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது, முன்கூட்டியே டெஸ்ட் எடுத்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரிவரியாக மேலிருந்து கீழே வாசிப்பதால், அந்தத் துடிப்பு திரையில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். கேமராவை வேகமாகத் திருப்பும்போது கம்பங்கள் சாய்ந்து தெரிவதும் இதே காரணத்தால்தான்.

நிறமும் விளக்கைப் பொறுத்ததே. குறைந்த அழுத்த சோடியம் விளக்கு ஏறக்குறைய 589 நானோமீட்டர் மஞ்சளை மட்டுமே வீசும். அதன் கீழே சிவப்புச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் நிறம் கிடையாது, ஒன்று கொஞ்சம் கறுப்பு, இன்னொன்று கொஞ்சம் கம்மி. சென்சாருக்குள் வராத நிறத்தைக் கணினியில் தேடிப் பயனில்லை. மலிவான எல்இடிகளில் அடர்சிவப்பு குறைவாக இருப்பதால் முகங்கள் நோயாளிபோல வெளிறும்.

அப்புறம் டேட்டா. 4,096 × 2,160 பிக்சல், 12 பிட், அமுக்காத ரா (சென்சார் எண்ணியது அப்படியே) என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 13 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 1.1 டெராபைட்டுக்கு மேல். அமுக்கினால் பல மடங்கு குறையும், ஆனால் மனிதர்கள் அந்த இடத்தையும் நிரப்பிவிடுகிறோம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் 1,000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால் ஒத்திகை நடந்தது. இப்போது ஒத்திகையையே பதிவு செய்கிறோம், எடிட்டர் திணறுகிறார். இரண்டு தனித்தனி டிஸ்கில் பிரதி எடுத்து, செக்சம் (பிரதி பிசகாமல் வந்ததா என்று காட்டும் எண்) ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் கார்டை ஃபார்மேட் செய்யக்கூடாது.

கேமரா சூடேறினால் சென்சாரில் இரைச்சல் கூடும். குளிர்விக்கும் ஃபேன் ஓடினால் வசனத்தில் இரைச்சல் கூடும். இதனாலும் ஒலியைத் தனிக் கருவியில், நடிகருக்கு அருகில் மைக் வைத்துப் பதிவு செய்வது நல்லது. ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 10 பங்கு விலகல் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லிநொடி, ஏறக்குறைய ஒரு ஃபிரேம். சாதாரண ஷாட்டுக்கு இது பொருட்டே இல்லை. நீளமான டேக்காக இருந்தால் முடிவிலும் ஒரு கிளாப் அடித்துவிடுங்கள். ஒலி எவ்வளவு விலகியிருக்கிறது என்று எடிட்டர் தேடவேண்டியிருக்காது.