தன்புனைவு: சொல் விளக்கம்

கொழும்பில் நாவல் வெளியீட்டு மேடைகளிலும் நூல் அறிமுகக் கட்டுரைகளிலும் ‘ஓட்டோஃபிக்‌ஷன்’ என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தமிழில் அதைத் தன்புனைவு எனலாம். கதையில் எழுத்தாளரின் ஊரோ வேலையோ கொஞ்சம் தட்டுப்பட்டாலே போதும், அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் அவ்வளவு அகலமானதல்ல.

பிரான்சில் 1975இல் ஃபிலிப் லெஜூன் என்ற ஆய்வாளர் தன்வரலாற்றுக்கு ஓர் இலக்கணம் சொன்னார். நூலாசிரியர், கதைசொல்லி, முதன்மைப் பாத்திரம் மூவரும் ஒரே பெயருடைய ஒரே ஆளாக இருக்க வேண்டும். ‘இது என் கதைதான்’ என்று ஆசிரியர் வாசகருக்குத் தரும் உறுதி அந்தப் பெயரே. இதை அவர் ஓர் அட்டவணையாகப் போட்டபோது ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது: ‘நாவல்’ என்று அறிவித்துவிட்டு, நாயகனுக்கு ஆசிரியர் தன் பெயரையே வைத்த நூல். செர்ஜ் துப்ரோவ்ஸ்கி என்ற நாவலாசிரியர் 1977இல் ‘ஃபிஸ்’ என்ற நூலால் அந்தக் கட்டத்தை நிரப்பினார். அதன் பின்னட்டையில்தான் இந்தச் சொல் அச்சேறியது. முற்றிலும் உண்மையான நிகழ்ச்சிகளையும் தகவல்களையும் கொண்ட புனைவு என்று அவரே அதற்கு விளக்கமும் கொடுத்தார். ஆக, நடந்தது உண்மை. அதை அடுக்கிய விதமும் மொழியும்தான் புனைவு.

சொல்லின் முற்பாதி கிரேக்கம்; ‘தான்’ என்று பொருள். பிற்பாதி லத்தீன். அதன் வேர்வினை, களிமண்ணைப் பிசைந்து உருவம் பிடிப்பதையும் குறிக்கும். பொய் சொல்வது என்ற பொருள் அதற்கும் பிந்தியது. நம்முடைய ‘புனை’யும் அப்படித்தான்: பூவைத் தொடுப்பது, அணிவது, அழகு செய்வது, செய்யுள் இயற்றுவது எல்லாமே புனைதல். கற்பனை, கட்டுக்கதை என்பதைவிடப் ‘புனைவு’ இங்கே பொருந்துவது அதனால்தான்.

சரி, தன்புனைவா தற்புனைவா? நன்னூல்படி இரண்டும் சரி. ‘தன்’ என்பதன் ஈறு வல்லினத்துக்கு முன் திரிந்தும் வரும், திரியாமலும் வரும்: தற்பகை, தன்பகை. நான் ‘தன்புனைவு’ என்றே எழுதுகிறேன். ‘தற்’ என்றதும் தற்பெருமையும் தற்புகழ்ச்சியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. ‘தன்வரலாறு’ பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் தன்புனைவே பொருத்தம். சுயபுனைவு என்றாலும் பிழையில்லை.

ஈழத்து எழுத்தில் இந்த இலக்கணம் ஓரிடத்தில் சிக்குகிறது. பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறார்கள், எந்தப் பெயர்? ஷோபாசக்தி என்பது புனைபெயர், அன்ரனிதாசன் யேசுதாசன் இயற்பெயர். போர்க்காலத்தில் புனைபெயர் பலருக்கு உயிர்க்காப்பு. அட்டையில் உள்ள பெயரே புனைந்ததாக இருக்கும்போது, அதைப் பாத்திரத்துக்கு வைத்தாலும் லெஜூன் சொன்ன உறுதி கிடைக்காது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் அகதித் தஞ்சம் கோரும் மனுவோடு தொடங்குகிறது. சொந்த வாழ்க்கையை ஓர் அலுவலகம் நம்பும்படி எழுதியே ஆக வேண்டிய மனிதருடைய எழுத்து அது. தன்புனைவைத் தமிழில் பேச வருபவர்கள் பிரெஞ்சு அட்டவணையோடு நிற்காமல் இந்த மனுவையும் படிக்க வேண்டும் என்பேன்.

அ. முத்துலிங்கம் 2008இல் வந்த தன் நாவலுக்கு ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ என்று பெயர் வைத்தார். எவ்வளவு கலந்தது என்று அவர் சொல்லவில்லை. வெள்ளவத்தைக் கூட்டங்களில் “இது உங்கட சொந்தக் கதையோ?” என்று கேட்பவர்கள் அந்த அளவைத்தான் கேட்கிறார்கள். எழுதியவர் பெண் என்றால் அந்தக் கேள்வி விசாரணையாகவே மாறிவிடுகிறது. எந்த அத்தியாயத்தில் வருகிற ஆள் யார் என்று துருவுகிறார்கள். வாக்கியத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. தன்புனைவு என்ற சொல்லை அந்தத் துருவலுக்கு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாழ்க்கை தோய்ந்த நாவல் எல்லாம் தன்புனைவாகிவிடாது. கே. டானியல் சாதி ஒடுக்குமுறையைத் தானே அனுபவித்தவர், தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தில் முன்னின்றவர். அந்த அனுபவம் இல்லையென்றால் அவருடைய ‘பஞ்சமர்’ நாவல் இல்லை. ஆனாலும் அதில் அவர் தன்னை நாயகனாக்கித் தன் கதையைச் சொல்லவில்லை. ஓர் ஊரையும் ஒரு மக்கள் கூட்டத்தையும் எழுதினார். அதை நாவல் என்றே சொல்ல வேண்டும்.