‘பிரின்சஸ்’: இளவரசியா, யுவராணியா?

‘பிரின்சஸ் டயானா’ என்று உலகமே சொல்கிறது. நாமும் ‘இளவரசி டயானா’ என்றுதான் எழுதுகிறோம். ஆனால் டயானாவுக்கு ஒரு நாள்கூட அப்படி ஓர் அதிகாரப்பூர்வப் பட்டம் இருந்ததில்லை. 1961 ஜூலை 1இல் பிறந்தபோது ‘த ஹானரபிள்’ டயானா ஸ்பென்சர். 1975இல் அப்பா எர்ல் (பிரபுப் பட்டங்களில் ஒன்று) ஆனதும் ‘லேடி டயானா’. 1981 ஜூலை 29இல் லண்டன் புனித பால் பேராலயத்தில் பட்டத்து இளவரசர் சார்லஸை மணந்ததும் ‘ஹர் ராயல் ஹைனஸ் த பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’. 1996 ஆகஸ்ட் 28இல் மணமுறிவு ஆனதும் ‘டயானா, பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’. இதில் எங்கேயும் ‘பிரின்சஸ்’ என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டவில்லை. அது ஏன் என்று பார்த்தால் சொல்லின் கதையும் வரும், அவருடைய கதையும் வரும்.

முதலில் வேர். லத்தீனில் ‘பிரின்செப்ஸ்’ என்றொரு சொல். ‘பிரைமுஸ்’ என்றால் முதல், ‘கபேரே’ என்றால் பிடிப்பது, எடுப்பது. ஆக, முதலிடத்தைப் பிடித்தவர். ரோமின் அகஸ்டஸ் தன்னை மன்னன் என்று அழைத்துக்கொள்ளக் கூசி இந்தச் சொல்லைத்தான் வைத்துக்கொண்டார். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘பிரின்ஸ்’ ஆயிற்று. அதன் பெண்பால் ‘பிரின்சஸ்’. ‘பிரின்சிபல்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். கல்லூரி பிரின்சிபலை நாம் ‘முதல்வர்’ என்கிறோமே, யார் அப்படி மொழிபெயர்த்தார்களோ, வேரையே பிடித்துவிட்டார்கள். வேரை மட்டும் பார்த்தால் பிரின்ஸும் ‘முதல்வர்’தான். ஆனால் இன்றைக்கு ‘வேல்ஸ் முதல்வர்’ என்று எழுதினால் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் இருக்கும் அரசியல்வாதியைத்தான் குறிக்கும்!

வேல்ஸ் மொழிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘தவுசோக்’ போல ஒலிக்கும். வழிநடத்துபவன் என்று பொருள். பெண்பாலுக்கு அதிலேயே ஒரு விகுதி. வேல்ஸுக்குச் சொந்த மண்ணின் பிரின்ஸ் இருந்த காலமும் உண்டு. அப்படி ஒருவரான லிவெலின் 1282இல் கொல்லப்பட்டார். 1301இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் அந்தப் பட்டத்தைத் தன் மகனுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அது இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்கானது. ‘பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’ என்பது அவர் மனைவிக்கு வருவது. தானாக யாருக்கும் கிடைக்காது, கணவர் வழியாகத்தான் வரும்.

இங்கேதான் சூட்சுமம். பிரிட்டனில் இரண்டு வகை பிரின்சஸ் உண்டு. ஒன்று பிறப்பால்: 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் வகுத்த விதிப்படி மன்னரின் மகள்களும், மகன்வழிப் பேத்திகளும். இவர்களுக்குப் பெயருக்கு முன்னால் பட்டம் வரும், ‘பிரின்சஸ் ஆன்’ என்பது போல. இன்னொன்று மணத்தால். இவர்கள் கணவரின் பட்டத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கணவருக்குத் தனிப் பட்டம் இல்லையென்றால் அவர் பெயரையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அரசி எலிசபெத்தின் சிற்றப்பா மகன் மைக்கேலை மணந்த பெண்மணி இன்றும் ‘பிரின்சஸ் மைக்கேல் ஆஃப் கென்ட்’. முதல்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழையில்லை, அந்த அம்மாவின் பட்டமே அதுதான். ‘திருமதி மைக்கேல்’ என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். டயானாவை அவர் பெயரோடு சேர்த்து ‘பிரின்சஸ் டயானா’ என்றால், ஆங்கிலேய மரபுப்படி அவர் மன்னரின் மகள் அல்லது பேத்தி என்று அர்த்தமாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. 2013இல் டயானாவின் மகன் வில்லியம், கேத்தரின் தம்பதியின் மூத்த மகன் ஜார்ஜ் பிறந்தான். பிறப்புப் பதிவில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் ‘ஐக்கிய முடியரசின் பிரின்சஸ்’ என்று எழுதினார்கள். அப்போது கேத்தரினுடைய பட்டமோ கேம்பிரிட்ஜ் டச்சஸ், அதாவது கேம்பிரிட்ஜ் டியூக்கின் மனைவி. ஆக, இவர்களுக்கு பிரின்சஸாக இருப்பது ஒரு வேலை, பெயருக்கு முன்னால் வருவது வேறு சங்கதி.

சரி, தமிழுக்கு வருவோம். ‘இளவரசு’ என்றால் இளைய அரசு, அடுத்து ஆளப்போகிறவன். அந்தக் காலத்தில் ‘இளவரசுப் பட்டம் கட்டுவது’ என்பது வாரிசை முறைப்படி அறிவிப்பது. வடமொழியில் யுவராஜா. மன்னரின் எல்லாப் பிள்ளைகளும் இளவரசர் அல்ல, அவர்கள் அரசகுமாரர்கள். மகள்களை அரசகுமாரி, கோமகள் என்றார்கள், அல்லது இன்னார் மகள் என்றே விட்டுவிட்டார்கள். ‘அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில்’ என்று பாடிய இருவருக்கும் புறநானூறு தரும் பெயர் ‘பாரி மகளிர்’ என்பது மட்டுமே. ராஜா மகள் எல்லோரும் ‘இளவரசி’ ஆனது கதைகளும் சினிமாவும் செய்த வேலை என்பது என் எண்ணம். இப்போது அது பெண் குழந்தைக்கு வைக்கும் பெயராகவே ஆகிவிட்டது. எந்தப் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் ஓர் இளவரசி இருப்பாள்.

ஆனால் இலக்கணத்தைப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. அரசனின் மனைவி அரசி. அதே வழியில் இளவரசனின் மனைவி இளவரசிதானே? ஆக, டயானாவுக்கு நாம் வைத்த சொல் தமிழ்ப்படி குற்றமில்லாதது. பிறப்பா மணமா என்று பிரித்துக் காட்டியே ஆகவேண்டிய இடத்தில் ‘யுவராணி’ பொருத்தமாக இருக்கும். யுவராஜாவின் மனைவி என்பதே அதன் நேர்ப்பொருள். என்ன, வடசொல். வேண்டாம் என்பவர்கள் ‘இளவரசர் துணைவி’ என்று எழுதலாம். நாளிதழ்த் தலைப்பில்தான் கொஞ்சம் இடம் அடைக்கும்.

பட்டம் கணவர் வழி வந்தது என்றேன். போனதும் அவர் வழியேதான். மணமுறிவின்போது டயானாவிடமிருந்து ‘ஹர் ராயல் ஹைனஸ்’ என்ற அடைமொழி எடுக்கப்பட்டது. நம் மரபில் சொன்னால் ‘மேன்மை தங்கிய’ போயிற்று. ‘பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’ மட்டும் பெயருக்குப் பின்னால், காற்புள்ளி போட்டு, கிட்டத்தட்ட குடும்பப் பெயர் மாதிரி மிஞ்சியது. பிரபுக்களை மணந்து விலகிய பெண்கள் பெயர் எழுதும் முறை அது.

அவர் எதற்காக நினைக்கப்படுகிறார் என்று பார்த்தால் இந்த அடைமொழி இருந்த காலமும் இல்லாத காலமும் ஒன்றாகத்தான் தெரிகிறது. 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பிரிவைத் திறந்துவைத்தார். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே பயந்த சமயம் அது. அரச குடும்பத்துப் பெண்கள் வெளியே வந்தால் கையுறை போடுவது வழக்கம். சாதாரண நாளிலேயே போடுவார்கள். அன்றைக்கு டயானா வெறுங்கையோடு ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். புகைப்படத்தில் அந்த நோயாளியின் முகம் தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம். அந்த ஒரு கைகுலுக்கலில் எத்தனையோ துண்டுப் பிரசுரங்கள் செய்யாததைச் செய்தார். இரண்டு வருடம் கழித்து இந்தோனேசியாவில் தொழுநோயாளிகளுக்கும் இப்படியே கைகொடுத்தார்.

அப்புறம் அங்கோலா. 1997 ஜனவரி, அடைமொழி பறிபோய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஹாலோ டிரஸ்ட் என்ற அமைப்பு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த வயலில், மார்புக் கவசமும் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் அணிந்து, இருபுறமும் எச்சரிக்கைக் குறிகள் நட்ட ஒற்றையடித் தடத்தில் நடந்தார். கண்ணிவெடிக்கு முழுத்தடை வேண்டும் என்று அவர் பேசியது அன்றைய பிரிட்டிஷ் அரசுக்குப் பிடிக்கவில்லை. இளநிலை அமைச்சர் ஒருவர் அவரை, கப்பல் தளத்தில் கட்டு அவிழ்ந்து உருளும் பீரங்கி என்ற பொருளில் வரும் ஒரு வசவால் திட்டினார். நாமாக இருந்தால் மூக்கணாங்கயிறு அறுந்த மாடு என்றிருப்போம். அந்த ஆண்டு டிசம்பரில் ஒட்டாவாவில் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆகஸ்ட் 31இல் பாரிஸில், அல்மா பாலத்தடிச் சுரங்கப் பாதையில் நடந்த கார் விபத்தில் இறந்திருந்தார். வயது 36.

அதே ஹாலோ டிரஸ்ட் 2002 முதல் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வேலை செய்கிறது. ‘கண்ணி’ என்றால் பறவைக்கும் விலங்குக்கும் வைக்கும் சுருக்கு. அந்தச் சொல்லை வெடியோடு சேர்த்து வைத்ததன் பொருளை, வீட்டு வளவுக்குள் கால் வைக்கப் பயந்து வருடக்கணக்கில் இருந்த ஈழத்துக் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் இறந்த அன்று காலை, பிரதமர் டோனி பிளேர் ‘பீப்பிள்ஸ் பிரின்சஸ்’ என்றார். ‘மக்களின் இளவரசி’ என்று நம் பத்திரிகைகள் மொழிபெயர்த்தன. வேற்றுமை உருபு வேண்டாம். ‘மக்கள் திலகம்’ போல ‘மக்கள் இளவரசி’ என்றாலே தமிழ்க் காதுக்கு இயல்பாக இருக்கும். ‘மக்கள்’ என்பதற்குப் பிள்ளைகள் என்றும் பொருள் இருப்பது இந்த இடத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அரண்மனை முறைப்படி பெயருக்கு முன்னால் வரக்கூடாத சொல்லை மக்கள் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பிறப்பால் பிரின்சஸ் ஆனவர்களுக்கு மட்டும் உரிய இடம் அது.

எந்த அளவுக்கு என்றால், 2005இல் சார்லஸ் கமிலாவை மணந்தபோது சட்டப்படி ‘பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’ அவர்தான். ஆனாலும் அந்தப் பெயரைத் தொடாமல், பதினேழு ஆண்டு ‘கார்ன்வால் டச்சஸ்’ என்றே இருந்தார். 2022 செப்டம்பரில் சார்லஸ் மன்னரானதும் பட்டம் மருமகள் கேத்தரினுக்குப் போனது. இவரைக் குறிக்க ‘வேல்ஸ் இளவரசி கேத்தரின்’ என்று எழுதுங்கள். ‘வேல்ஸ்’ முன்னால் இருந்தால் கணவர் வழி வந்த பட்டம் என்பது தெரிந்துவிடும். இவருடைய மகள் சார்லட் பிறப்பால் வந்தவள், அதனால் வெறும் ‘இளவரசி சார்லட்’. டயானாவுக்கு மட்டும் ‘இளவரசி டயானா’ என்றே விட்டுவிடலாம். பிழைதிருத்துநர் யாராவது அதில் சிவப்பு மையை வைத்தால், மேலே சொன்ன இலக்கணத்தைக் காட்டுங்கள்.