மணலில் துள்ளினால் பாய்ச்சல் கூடுமா?

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரை மணலில் பின்னேரங்களில் துள்ளிப் பழகும் பிள்ளைகளைக் கண்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கால் உரமானால் பாய்ச்சல் தானாகக் கூடும்தானே?" பாதி சரி.

40 சென்ரிமீற்றர் எழும்ப, நிலத்தை விட்டுக் கிளம்பும்போது வேகம் செக்கனுக்கு 2.8 மீற்றர் இருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் அந்த வேகத்தை 0.3 செக்கனில் எடுக்க, தன் எடையின் ஏறக்குறைய இரு மடங்கு விசையால் நிலத்தை உதைக்க வேண்டும். எடைக்கேற்ற உரம் இல்லாமல் இது நடக்காது.

ஆனால் நீளம் பாய்தலில் கால் பலகையில் நிற்பது சுமார் 0.12 செக்கன். தசை தன் உச்ச விசையைத் தொட 0.3 செக்கனாவது பிடிக்கும். பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் உரம் முழுவதும் அங்கே வெளிப்பட நேரம் கிடையாது.

இந்த நேரப் பஞ்சத்தைத் தீர்ப்பது, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாண். கால் ஊன்றியதும் கெண்டைக்கால் தசை விறைத்து, நீளம் அதிகம் மாறாமல் இறுக்கிப் பிடிக்கிறது; இழுபடுவது நாண். வேகமாகச் சுருங்கும் தசையால் பெரிய விசை தர முடியாது, நீளம் மாறாமல் பிடிக்கும் தசையால் முடியும். இழுபட்ட நாண், தசை சுருங்கக்கூடிய வேகத்தையும் மிஞ்சித் திரும்புகிறது. கெட்டபோலில் ரப்பரை மெதுவாக இழுத்தாலும் கல் விரைந்து பறப்பது போலத்தான். பிடிக்கும் தசை பலவீனமானால் அதுவே நீண்டுவிடும், நாண் இழுபடாது. உரத்துக்கு இங்கேதான் உண்மையான வேலை.

உங்களிடம் உரம் குறைவா, நாணின் விரைவு குறைவா என்று சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்துப் பார்க்கலாம். இரண்டு தடவையும் ஒரு கையை உயர்த்தியபடியே துள்ளுங்கள். முதலில் அரைக் குந்தலில் 3 செக்கன் அசையாமல் நின்று துள்ளல். அடுத்து, நிமிர்ந்து நின்று சடாரெனத் தாழ்ந்து துள்ளல். இரண்டாவது சில சென்ரிமீற்றர் கூட வரவேண்டும். வித்தியாசமே இல்லையென்றால் விரைவுத் துள்ளல் பயிற்சி தேவை. இரண்டும் தாழ்வென்றால் முதலில் பாரப் பயிற்சி.

மணல் என்ன செய்கிறது? கால் புதைவதால் ஊன்றும் நேரம் நீள்கிறது, நாணுக்குப் போக வேண்டிய சக்தி மணலை நகர்த்துவதில் போய்விடுகிறது. தசைக்கு நல்ல வேலை, மூட்டுக்கும் அடி குறைவு. பருவத் தொடக்கத்தில் நல்லது. போட்டி நெருங்கும்போது புல்தரைக்கு மாறுங்கள்.

அங்கே 20 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து இறங்கி உடனே துள்ளுங்கள். குதிகால் 'தொப்'பென்று விழுந்தால் உயரம் அதிகம், குறையுங்கள். முழங்கால்கள் உள்ளே சாய்ந்தாலும் அப்படியே. புதியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 60 துள்ளல், வாரம் இரு நாள் போதும். நாண் பலப்படுவது தசையைவிட மெதுவாக. முழங்காற்சில்லின் கீழே நோவு தொடங்கி மறுநாள் கூடினால் துள்ளலைக் குறைத்து, பாரத்தோடு மெதுவாகக் குந்தி எழும்பும் பயிற்சிக்குத் திரும்புங்கள்.