சொல் விளக்கம்: வகுப்புக்கூடம்

ஆசிரியர் பயிற்சிகளில் ‘பாதுகாப்பான சமூக வலைத்தளத்தினூடாகக் கற்பித்தல்’ என்றொரு தலைப்பு அடிக்கடி காதில் விழுகிறது. அதைத் திருத்துகிறோம் என்று புறப்பட்ட சிலர் இப்போது ‘கல்வி வலையம்’ என்கிறார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தச் சொல்லை எப்படி வாய்கூசாமல் சொல்கிறார்களோ தெரியவில்லை.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்மோடோ என்ற இணையச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். பார்வைக்கு முகநூல் மாதிரி. ஆனால் ஆசிரியர் ஒரு குழுவைத் திறந்து குறியீடு ஒன்றைக் கொடுப்பார். அந்தக் குறியீடு உள்ள பிள்ளைதான் உள்ளே வரலாம். பிள்ளை ஆசிரியருக்கு எழுதலாம், முழு வகுப்புக்கும் எழுதலாம். இன்னொரு பிள்ளைக்குத் தனியாக எழுத முடியாது. பெற்றோர் பார்ப்பதற்கு வேறு குறியீடு. 2022 செப்டெம்பரில் அதை மூடிவிட்டார்கள். ஆனாலும் அந்த வகை அப்படியே இருக்கிறது. அதற்குத்தான் பெயர் வேண்டும்.

ஆங்கிலத்தில் நெட்வேர்க் என்றால் நூலாலோ கம்பியாலோ வலைபோலப் பின்னிய வேலைப்பாடு. பிறகு ரயில் பாதைக்கும், வானொலி நிலையங்களுக்கும், மனிதருக்கும், கணினிகளுக்கும் அந்தச் சொல் போனது. இப்படியான சேவைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் இன்னொரு சொல்லான பிளட்போம் பிரெஞ்சிலிருந்து வந்தது. தட்டையான வடிவம் என்று பொருள். வேர் பற்றி இவ்வளவு போதும்.

‘சமூக வலைத்தளம்’ என்பதில் கோளாறு வெளிப்படை. வலைத்தளம் என்றால் வெப்சைட். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ ஒரு வலைத்தளம்: போகிறோம், பாடத்தை எடுக்கிறோம், வருகிறோம். (தட்சசீலம் என்று தமிழில் பெயர் இருக்க, அதையும் சிங்கள உச்சரிப்பிலேயே எழுதுகிறோம்.) சிங்களத்தில் இந்தக் குழப்பம் இல்லை. சமூக வலையமைப்பு ‘சமாஜ ஜால’, வெப்சைட் ‘வெப் அடவிய’. நாம்தான் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினோம். போதாததற்கு, சமூக வலைத்தளம் என்றதும் தாய்மாருக்கு முகநூலும் டிக்டொக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. “பிள்ளையை அதுக்குள்ள விட ஏலாது சேர்” என்று ஒரு தாய் சொன்னால் அவரைக் குறைசொல்ல முடியுமா?

இனி ‘வலையம்’. எங்கள் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. ஆசிரியர் வாயில் ‘வலயம்’ என்றால் வலயக் கல்வி அலுவலகம். இடமாற்றம், சம்பள நிலுவை, மேற்பார்வை எல்லாம் அங்கேதான். ‘கல்வி வலையம்’ என்று சொல்லிப் பாருங்கள். “ஒப்படையை வலையத்தில் போடுங்கோ” என்றால், பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வலயக் கந்தோருக்குப் போகும். எழுத்தில் லை, ல வேறுபாடு உண்டே என்று வாதாடுகிறார்கள். எழுத்தில் உண்டு, நாக்கில் இல்லை. ஆசிரியரும் பெற்றோரும் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் காதால்தான் கேட்கப்போகிறார்கள். குரல்பதிவில் ‘ஐ’யைத் தேடிப் பிடிக்க யாருக்கு நேரம்?

இன்னொரு வாதம், வலை தூய தமிழ்ச்சொல் என்பது. தூய தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் கரைவலை இழுக்கிற ஊரில் வலை எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். பொலிஸார் சந்தேகநபரைத் தேடி வலைவீசுகிறார்கள், ஏமாந்தவன் வலையில் விழுகிறான். பிள்ளைகளைச் சேர்க்கிற இடத்துக்கு அந்தப் பெயரா? கம்பியும் கணினியும் கோத்துக் கிடப்பதற்கு ‘வலையமைப்பு’ நல்ல சொல். பாடப்புத்தகத்திலும் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். ஆட்கள் கூடுகிற இடத்துக்கு அதை வெட்டி ஒட்டக்கூடாது என்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து ‘பிணையம்’ எடுக்கலாம் என்றவர்களும் உண்டு. சரீரப் பிணையில் விடுதலை என்று தினமும் பத்திரிகையில் படிக்கும் நாட்டில் ‘சமூகப் பிணையம்’ நீதிமன்ற வாசல் மாதிரியே கேட்கும். ‘தளம்’ என்றால் எங்களுக்குக் கடற்படைத் தளம்.

‘பாதுகாப்பான’ என்ற அடைமொழிதான் மிக மோசம். எட்மோடோவிலிருந்து 2017இல் ஏறத்தாழ 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் திருடுபோயின. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தரவை முறையான பெற்றோர் சம்மதமின்றிச் சேர்த்ததாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அதன்மீது நடவடிக்கை எடுத்ததும் 2023இல் நடந்தது. ஆகவே ‘பாதுகாப்பான’ என்பது விற்பவரின் வாக்குறுதி. அதைப் பொருளின் பெயருக்குள்ளேயே வைத்துத் தைத்தால், சொல்லை நம்பிப் பிள்ளையின் பிறந்த திகதியையும் படத்தையும் கொடுத்துவிடுவோம். சுற்றுநிருபம் மொழிபெயர்ப்பவர்கள் விளம்பரத் துண்டில் உள்ள அடைமொழியைக்கூடக் கைவிட மனமில்லாமல் கொண்டுவருகிறார்கள். என்ன பொருள் என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மொழிபெயர்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் தெரிவு ‘வகுப்புக்கூடம்’. கூடு என்பதிலிருந்து கூடம். பள்ளிக்கூடமும் ஆய்வுகூடமும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. கூடத்துக்குச் சுவரும் வாசலும் இருப்பதால், அழைக்கப்பட்டவர்தான் வரலாம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தேவைப்பட்டால் முன்னால் ‘இணைய’ என்று சேர்க்கலாம். ‘மெய்நிகர் வகுப்பறை’ இருக்கிறதே என்று கேட்பார்கள். அது சூமில் மணியடித்துத் தொடங்கி முடிகிற பாடம். கூடத்தில் மாலையில் போட்ட கேள்விக்கு மறுநாள் காலையில் வேறொரு பிள்ளை பதில் எழுதலாம். வட்ஸ்அப் குழுவையும் இந்தப் பெயரால் அழைக்கவேண்டாம். அங்கே ஒவ்வொரு வீட்டின் தொலைபேசி இலக்கமும் எல்லோருக்கும் தெரியும், யாரும் யாருக்கும் தனியாக எழுதலாம்.

‘வகுப்புக் கூடம்’ என்று பிரித்து எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை. ‘க்’கை மட்டும் விழுத்திவிடாதீர்கள்.