அந்த ராத்திரியை மட்டும் அழிச்சிட முடியுமா? ஹிப்னோதெரபி உண்மையில என்ன பண்ணுது

"அண்ணா, ஹிப்னாடிஸம் பண்ணா அந்த ராத்திரி மட்டும் மறந்துடுமா?"

என் சித்தி பையன் இப்படி கேட்டப்போ, அவன் வந்த பஸ் உளுந்தூர்பேட்டை பக்கத்துல கவிழ்ந்து ஏழு மாசம் ஆகியிருந்துச்சு. கால் எலும்பு கூடிடுச்சு, நடக்க ஆரம்பிச்சிட்டான். ஆனா ரோட்ல எங்கயாவது ஒரு வண்டி ஏர் பிரேக் போட்டு "புஸ்ஸ்"னு சத்தம் வந்தா போதும், கையில இருக்கிற டீ டம்ளர் ஆடும், முகம் வெளுத்துடும், ரெண்டு நிமிஷத்துக்கு நாம பேசுறது எதுவும் அவன் காதுல ஏறாது. பஸ் ஏறுறதையே விட்டுட்டான். மறந்து தொலைக்கணும்னு அவன் நினைச்சதுல தப்பே இல்ல. ஆனா ஹிப்னாஸிஸ் (அதை வெச்சு பண்ற சிகிச்சைதான் ஹிப்னோதெரபி) எதையும் அழிக்காது. அது பண்றது வேற வேலை, அந்த வேலை என்னன்னு தெரியாமத்தான் நிறைய பேர் தப்பான இடத்துல போய் காசையும் நிம்மதியையும் தொலைக்கிறாங்க.

முதல்ல அந்த பிரேக் சத்தத்துக்கு ஏன் உடம்பு அப்படி ஆகுதுன்னு பாத்துடுவோம். சாதாரணமா ஒரு விஷயம் நடந்தா மூளையில ஹிப்போகாம்பஸ்னு ஒரு பகுதி அதுக்கு "எங்க, எப்போ"ங்கிற விவரத்தை சேர்த்து வெக்கும், அதனாலதான் போன தீபாவளியை நினைச்சா அது போன தீபாவளியாவே இருக்கு. உயிருக்கே ஆபத்துங்கிற நிமிஷத்துல பயத்தையும் ஆபத்தையும் கவனிக்கிற அமிக்டலாங்கிற மூளைப் பகுதி உச்சத்துல வேலை செய்யுது, உடம்பு முழுக்க ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பாயுது, அப்போ டீசல் வாசனை, கண்ணாடி நொறுங்கின சத்தம், வயித்துல ஏற்பட்ட பிசைவு இதெல்லாம் ரொம்ப ஆழமா பதிஞ்சிடுது, "இது அன்னைக்கு நடந்து முடிஞ்சது"ங்கிற விவரம் மட்டும் சரியா ஒட்டாம போயிடுதுன்னு ஆராய்ச்சியாளர்கள் விளக்குறாங்க. அதனால அந்த சத்தம் கேட்டா ஞாபகம் வர்றதில்ல, அந்த நிமிஷமே திரும்ப வருது. இது மாசக்கணக்குல நீடிச்சு வாழ்க்கையை முடக்கினா அதுக்கு பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுன்னு பேர். 1980-ல தான் அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல இந்தப் பேர் ஏறுச்சு.

இதுக்கு நல்லா நிரூபிச்ச சிகிச்சை இருக்கு. டிராமாவை, அதாவது இந்த மாதிரி மன அதிர்ச்சியை மையமா வெச்ச சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்துற பேச்சு சிகிச்சை), ஈஎம்டிஆர் (அந்த நினைவை மனசுல வெச்சுக்கிட்டே கண்ணை இடமும் வலமும் அசைக்கிற சிகிச்சை) ரெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லயே பரிந்துரை பண்ணிடுச்சு. சிபிடியில முக்கியமான பகுதி என்னன்னா, பாதுகாப்பான ஒரு ரூம்ல உக்காந்து, நடந்ததை கொஞ்சம் கொஞ்சமா திரும்பத் திரும்ப மனசுல ஓட்டிப் பாக்கிறது, "இப்போ ஆபத்து இல்ல"ன்னு உடம்புக்கே புரியுற வரைக்கும். கேக்க சுலபமா இருக்கு, உக்காந்து செய்யுறவங்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். சிலர் முதல் ரெண்டு தடவையிலயே பொங்கி வழிஞ்சிடுவாங்க, அடுத்த வாரம் வரவே மாட்டாங்க. சிலர் அதுக்கு நேர் எதிர், பேப்பர்ல வந்த செய்தியை வாசிக்கிற மாதிரி மரத்துப் போய் சொல்லிட்டு எழுந்திரிச்சிடுவாங்க. ரெண்டுலயும் சிகிச்சை உள்ள இறங்காது. கேஸ் அடுப்புல தீயை ஹைல வெக்காம, அணைச்சும் போடாம, சிம்ல வெச்சு வேக வெக்கணும் இல்லையா, அந்தத் திருகு இவங்க கையில இல்ல. ஹிப்னாஸிஸ் அந்தத் திருகைக் கையில குடுக்கப் பாக்குது.

ஹிப்னாஸிஸ்னா தூக்கம் இல்ல. 1841-ல மான்செஸ்டர்ல ஒரு மேடை நிகழ்ச்சியைப் பாத்துட்டு ஆராய்ச்சியில இறங்கின ஜேம்ஸ் பிரெய்டுங்கிற ஸ்காட்லாந்து டாக்டர்தான் கிரேக்கத்துல தூக்கத்தைக் குறிக்கிற சொல்லை வெச்சு இந்தப் பேரைப் பரப்பினார், பிற்பாடு அந்தப் பேரு பொருந்தலைன்னு உணர்ந்து "ஒரே எண்ணம்"ங்கிற அர்த்தத்துல வேற பேரு வெக்க முயற்சி பண்ணினார், அது ஒட்டல. ஆனா அவர் ரெண்டாவதா சொன்னதுதான் சரி. மார்கழியில விடியக்காலை வாசல்ல 21 புள்ளி கோலம் போடுறவங்களைப் பாருங்க, பால்காரர் பெல் அடிச்சது, குளிர், முதுகு வலி எதுவுமே அவங்களுக்கு உறைக்காது, ஆனா யாராவது "தீ!"ன்னு கத்தினா உடனே எழுந்து ஓடுவாங்க. கவனம் முழுக்க ஒரு இடத்துல குவிஞ்சிருக்கு, சுயநினைவு எங்கயும் போகல. ஹிப்னாஸிஸ்லயும் அப்படித்தான், எந்த நிமிஷமும் "போதும்"னு கண்ணைத் திறக்கலாம். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் குழு 545 பேரை சோதிச்சு, அதுல 57 பேரை ஸ்கேனர்ல படுக்க வெச்சு 2016-ல வெளியிட்ட ஆய்வுல, ஹிப்னாஸிஸ்ல எளிதா ஆழ்ந்து போறவங்களுக்கு "வேற எதைக் கவனிக்கணும்"னு சுத்திச் சுத்தி பாத்துக்கிட்டே இருக்கிற மூளைப் பகுதியோட வேலை குறையுது, திட்டமிடுற பகுதிக்கும் உடம்போட நிலையை உணர்ற பகுதிக்கும் நடுவுல இணைப்பு கூடுதுன்னு தெரிய வந்துச்சு. இந்த ரெண்டாவது விஷயம் டிராமாவுக்கு முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பாதிக்கப்பட்டவங்க கை விட்டுப் போனதே தன் உடம்பு மேல இருந்த பிடிதான்.

இப்போ ஒரு அமர்வுல நடக்கிறதை கிட்ட இருந்து பாப்போம். ஸ்பீகல் பிரபலப்படுத்தின ரெண்டு திரை முறைன்னு ஒண்ணு இருக்கு, என் தம்பிக்கும் அதைத்தான் பண்ணினாங்க. தலையை அசைக்காம கண்ணை மட்டும் மேல பாக்க சொல்லுவாங்க, அப்படியே இமையை மூடி, மூச்சை இழுத்து விட்டு, உடம்பு மிதக்கிற மாதிரி உணரச் சொல்லுவாங்க. தண்ணியில மிதக்கிற மாதிரின்னு சொல்றதுதான் வழக்கம், ஆனா நல்ல தெரபிஸ்ட் அதுக்கு முன்னாடியே "தண்ணின்னா உங்களுக்கு பயம் உண்டா"ன்னு கேட்டுடுவாங்க, வெள்ளத்துல மாட்டினவங்ககிட்ட போய் தண்ணியைச் சொன்னா எல்லாம் கெட்டுப் போயிடும். உடம்பு லேசான அப்புறம் எதிர்ல ஒரு திரை, அது நடுவுல ரெண்டா பிரிஞ்சிருக்கு. ஒரு பக்கத்துல அந்த சம்பவத்தோட ஒரே ஒரு துண்டு, முழுசா இல்ல. பாக்கும்போது தாடை இறுகுதா, தோள் ஏறுதா, உடனே படத்தை நிறுத்து, சின்னதாக்கு, சத்தத்தை எடு, திரும்ப மிதக்கிறதுக்கு வா, உடம்பு தளர்ந்த பிறகு மட்டும் மறுபடி பாரு. மறு பக்கத்துல அந்த நேரத்துல தன்னையோ இன்னொருத்தரையோ காப்பாத்த நீ என்ன பண்ணினே அப்படிங்கிறது.

தம்பி மறு பக்கத்துல ரொம்ப நாள் எதுவுமே வெக்கல, "நான் ஒண்ணும் பண்ணல, கத்திக்கிட்டு கிடந்தேன்"னு தான் சொல்லிக்கிட்டு இருந்தான். ஆனா விபத்து நடந்த ரெண்டாவது வாரமே ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்கு வந்து, பின் சீட்ல இருந்த எங்க பொண்ணை ஜன்னல் வழியா தூக்கி குடுத்தது இந்தப் பையன்தான்னு சித்தி கையைப் பிடிச்சு அழுதுட்டுப் போனாங்க. அது அவனுக்கும் தெரியும், கணக்குல சேத்துக்கவே இல்ல. அந்தப் பொண்ணோட எடை தன் கையில இருந்த அந்த நொடியை மறு திரையில வெச்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதான், அதுவரைக்கும் அவன் அழுதே நாங்க பாத்ததில்ல.

அந்தக் காட்சி ஹிப்னாஸிஸ்ல "தோண்டி எடுத்தது" இல்லைன்னு அழுத்திச் சொல்றேன், வெளியில சாட்சி இருந்த விஷயம் அது. ஏன்னா ஆழ்மனசுல புதைஞ்ச நினைவைத் தோண்டித் தர்றோம்னு சொல்றதுதான் இந்தத் துறையிலயே ஆபத்தான வேலை. 1983-ல கனடாவுல மான்ட்ரியல்ல லாரன்ஸ், பெரிங்கிற ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. ஹிப்னாஸிஸ்ல நல்லா ஆழ்ந்து போறவங்க 27 பேர். நிம்மதியா தூங்கின ஒரு ராத்திரிக்கு அவங்களை மனசளவுல கூட்டிட்டுப் போய், ஏதோ பெரிய சத்தம் கேட்டு முழிச்சீங்களான்னு லேசா விதை போட்டாங்க. அப்புறம் விழிச்ச நிலையில கேட்டப்போ 13 பேர் சத்தம் கேட்டது நிஜம்னே நம்பினாங்க. இதுல கொடுமை என்னன்னா ஹிப்னாஸிஸ்ல வர்ற நினைவு தப்பா இருந்தாலும் அது மேல நம்பிக்கை மட்டும் ஏறிடும். அமெரிக்காவுல 80-கள்லயும் 90-கள்லயும் இப்படி "மீட்டெடுத்த" நினைவுகளால எத்தனையோ குடும்பம் உடைஞ்சுது, கோர்ட் வரைக்கும் போச்சு. முன்ஜென்மத்துக்குக் கூட்டிட்டுப் போய் காரணம் கண்டுபிடிக்கிறேன்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு எழுந்து வந்துடுங்க, ஏற்கனவே காயப்பட்ட மனசுல இல்லாத காயத்தை எழுதி வெக்கிற வேலை அது.

சரி, பலன் எவ்வளவு? ஆஸ்திரேலியாவுல ரிச்சர்ட் பிரையன்ட் குழு 2005-ல வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்ப நேர்மையான ஆய்வா படுது. விபத்து, தாக்குதல் மாதிரி சம்பவத்துல அடிபட்டு கடுமையான மன அதிர்ச்சியில இருந்த 87 பேரை மூணா பிரிச்சாங்க, ஒரு குழுவுக்கு சிபிடி, இன்னொண்ணுக்கு சிபிடியோட ஹிப்னாஸிஸ், மூணாவதுக்கு ஆறுதல் கவுன்சலிங், எல்லாருக்கும் 6 அமர்வு. கவுன்சலிங்கை விட சிபிடி குழு ரெண்டும் நல்லா தேறுச்சு. ஹிப்னாஸிஸ் சேத்தவங்களுக்கு சிகிச்சை முடிஞ்ச கையோட ஃப்ளாஷ்பேக் மாதிரி தொந்தரவு இன்னும் கூடுதலா குறைஞ்சிருந்துச்சு, ஆனா வருஷக்கணக்குல பாத்தா ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துட்டாங்க. அதாவது பாதையோட ஆரம்பத்துல கை குடுக்குது, பாதையே அது இல்ல. இஸ்ரேல்ல 2008-ல வந்த இன்னொரு சின்ன ஆய்வு, ஏற்கனவே மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தும் தூக்கம் வராத, பிடிஎஸ்டி இருந்த 32 முன்னாள் ராணுவ வீரர்கள், ஒரு பகுதிக்கு கூடுதலா தூக்க மாத்திரை, இன்னொரு பகுதிக்கு கூடுதலா ஹிப்னோதெரபி, அதுல ஹிப்னோதெரபி குழுவோட தூக்கம் நல்லா இருந்துச்சு. எல்லாமே சின்ன ஆய்வுகள், எல்லாத்துலயும் ஹிப்னாஸிஸ் வேற சிகிச்சையோட சேர்ற துணைதான்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாதுங்கிறதும் உண்மை. ஹிப்னாஸிஸ்ல ஆழ்ந்து போற திறன் ஆளுக்கு ஆள் மாறும், ரொம்ப எளிதா போறவங்க நூத்துக்கு 10, 15 பேர், அதே அளவு பேருக்கு கிட்டத்தட்ட வரவே வராது. ஸ்டான்ஃபோர்ட்ல ஒரே ஆட்களை 25 வருஷம் கழிச்சு சோதிச்சப்போ கூட மதிப்பெண் பெருசா மாறல. இதுல என்னை யோசிக்க வெச்சது, பிடிஎஸ்டி இருந்த வியட்நாம் போர் வீரர்களுக்கு இந்தத் திறன் மத்தவங்களை விட அதிகமா இருந்துச்சுன்னு 1988-ல வந்த ஆய்வு. சம்பவம் நடக்கும்போது "நான் என் உடம்பை விட்டு மேல இருந்து பாத்தேன்"னு பலர் சொல்றாங்க இல்ல, அதுவும் இதே திறன்தான்னு சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க, அன்னைக்கு அவங்களைக் கேக்காம நடந்துச்சு, இங்க அவங்க கேட்டு நடக்குது.

ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க. உங்க முன்னாடி உக்காந்திருக்கிறவர் ஹிப்னாஸிஸ் இல்லாமலே டிராமாவுக்கு சிகிச்சை குடுக்கத் தெரிஞ்சவரா இருக்கணும், மனநல மருத்துவர், இல்லைன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணின கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். வார இறுதியில ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்ச சர்டிஃபிகேட் அதுக்கு ஈடாகாது. இல்லாத குரல் கேக்கிறது, உயிரை விடணும்னு தோணுறது இதெல்லாம் இருந்தா அதுக்கான வைத்தியம்தான் முதல்ல, ஹிப்னாஸிஸ் காத்திருக்கட்டும். அந்த மாதிரி நேரத்துல அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம்.

தம்பிக்கு மொத்தம் எட்டு மாசம் ஆச்சு. பெரும்பகுதி சிபிடிதான், பஸ் ஸ்டாண்டுல சும்மா நிக்கிறது, நின்ன பஸ்ஸுல ஏறி இறங்குறது, அப்புறம் ரெண்டு ஸ்டாப்னு போச்சு, கண்ணை மேல தூக்கி மூச்சு விடுற அந்தப் பயிற்சியை அவனே ஒவ்வொரு தடவையும் ஏறுறதுக்கு முன்னாடி பண்ணிப்பான். ஏர் பிரேக் சத்தத்துக்கு இன்னும் தோள் லேசா தூக்கிப் போடும். போன பொங்கலுக்கு திருச்சியில இருந்து நைட் பஸ்ல தனியா வந்தான், தாம்பரத்துல கூட்டிட்டு வரப் போன நான் எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டேன். "உளுந்தூர்பேட்டை எப்போ தாண்டுச்சுன்னே தெரியல அண்ணா, தூங்கிட்டேன்"னான்.